பல்லியின் மகள்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் குடியிருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பல்லிதான். உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பது அவர் தொழில். சேர்ந்த புதிதில் யாரோ ஒருவர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, "பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு" என்று சொல்லப்போக, அந்தப் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மனைவிகூடக் கோபம் வந்தால், "உங்க பல்லி வேலைய எங்கிட்ட காட்டாதீங்க" என்பாள். அவருக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது. பல்லி கீழே விழுந்து கை கால் உடைந்ததாக யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்பார்.

உயரத்தில் காற்று பேச்சைத் தின்றுவிடும். பக்கத்துக் கயிற்றில் தொங்குகிறவன் வாயசைப்பது தெரியும், சொன்னது என்னவென்று தெரியாது. பல்லியின் குரலை மட்டும் அந்தக் காற்றால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. தகரத்தில் மணலைக் கொட்டியது போன்ற கரகரப்போடு அடித்தொண்டையிலிருந்து கிளம்பும். "இறக்கு" என்றால் இறக்குவார்கள். "நிறுத்து" என்றால் பிடித்த பிடியில் கை நின்றுவிடும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் குழுவில் ஆறு பேர் உயிரோடு வீடு திரும்புவதற்கு அந்தக் குரலும் ஒரு கயிறு.

நாலாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வாடகை வீடு. மனைவி ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் காலைப் பார்த்ததுமே அளவு சொல்லிவிடுவாள். ஒரே பிள்ளை. வாய் ஓயாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் படியேறும்போதே சொல்லத் தொடங்கி, சாப்பிட்டுக் கை கழுவும்போதும் முடிக்காது. "உன் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கணும்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

பதினாலு, பதினைந்து வயதில் அந்தத் தாழ்ப்பாள் தானாகவே விழுந்தது.

அது விழுந்த நாளைப் பெற்றவர்கள் இருவராலும் பின்னால் நினைவுபடுத்திச் சொல்ல முடிந்தது. மனைவி கடையிலிருந்து வீட்டுக்கு போன் செய்தாள். எடுத்த குரலைக் கேட்டதும், "என்னங்க, சீக்கிரமே வந்துட்டீங்களா? அடுப்புல பால் இருக்கு, பாத்துக்குங்க" என்று பேசிக்கொண்டே போனாள். மறுமுனையில், "அம்மா, நான்" என்று கேட்டது. அப்பாவின் குரல், துளிகூட மாறாமல். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று வேலையிலிருந்து வந்த பல்லியும் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. கேட்டதற்குத் தலையாட்டும். வேண்டியதைக் கையால் காட்டும். தவிர்க்கவே முடியாவிட்டால் குசுகுசுவென்று மூச்சிலேயே இரண்டு சொல். தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை நல்லா இருக்கு. வயசுக்கோளாறு, வெக்கம். போகப் போகச் சரியாயிடும்" என்றார். போகப் போக எதுவும் சரியாகவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் பேசிய அளவுக்குக்கூடப் பிள்ளை பேசவில்லை.

ஒரு விடுமுறை நாளில், மூவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை தட்டைப் பார்த்தபடி ஏதோ சொன்னது.

"என்னது? காதுல விழல. சத்தமாச் சொல்லு" என்றார் பல்லி.

"சத்தமாச் சொன்னா உங்க குரல் வருதுப்பா."

அவருக்குப் புரியவில்லை. கையில் எடுத்ததை வாயில் வைக்காமல் அப்படியே பார்த்தார்.

"நான் பையன் இல்லப்பா. எப்பவுமே இல்ல. நான் பொண்ணு. உள்ள பொண்ணா இருக்கேன், வாயத் திறந்தா ஆம்பளக் குரல் வருது. அதான் பேசறதில்ல."

கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். ஆனாலும் ஒரு சொல்கூடத் தவறாமல் விழுந்தது.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"எத்தன நாளா?"

"நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து."

"அத்தன நாளும் ஒத்தையாவா வச்சிருந்த?" என்று கேட்கும்போதே அம்மாவுக்குக் குரல் உடைந்தது. எழுந்து வந்து எச்சில் கையோடு பிள்ளையின் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். வேறு எதற்கும் அவள் அன்று அழவில்லை. பெண் என்றதற்கு இல்லை, ஊர் என்ன சொல்லும் என்பதற்கு இல்லை. ஒத்தையாக வைத்திருந்தாளே என்பதற்கு மட்டும்தான்.

பல்லி தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஊர்க் கட்டடங்களையெல்லாம் கழுவுகிற மனிதர் வீட்டில் ஒரு தட்டைக் கழுவியது கிடையாது. அன்றைக்குக் கழுவினார். ஒரே தட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டே இருந்தார். முதுகுக்குப் பின்னால் மனைவி வந்து குழாயை மூடினாள்.

"ஏதாவது சொல்லிட்டுப் போங்க. உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

உக்காந்திருக்கா. மனைவி அதற்குள் மாற்றிக்கொண்டுவிட்டாள் என்பது அவருக்கு மெதுவாக உறைத்தது. எப்படித்தான் முடிந்ததோ. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அவர் வெளியே வந்து நின்று, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "சாப்பிட்டியாடா?" என்றார். வாயில் வந்தது அதுதான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிள்ளை சிரித்தது, ஒரு வருடத்துக்குப் பிறகு. "டா போடுங்கப்பா, பரவால்ல. பொண்ணுங்களையும்தான் எல்லா அப்பாவும் டா போட்டுக் கூப்பிடுறாங்க. அவன், இவன்னு மட்டும் சொல்லாதீங்க."

இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டு வெறும் ஒரு எழுத்தில் அப்பாவுக்குச் சலுகை தருகிற அந்த மனசைப் பார்த்து, அவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இருந்தாலும் மனசு ஒரே நாளில் வழிக்கு வந்துவிடுமா என்ன? அந்த வாரம் அவர் உடம்பு கயிற்றில் இருந்தது, நினைப்பு வேறெங்கோ இருந்தது. நாம் வளர்த்த விதத்தில் கோளாறா, யாராவது ஏதாவது சொல்லிக் கெடுத்தார்களா, நாளைக்கு இந்தப் பிள்ளையைத் தெருவில் எவனாவது கை நீட்டினால் என்ன செய்வது என்று வண்டி வண்டியாக யோசனை. பதினோராவது மாடி உயரத்தில் ஒரு கயிற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது காப்புக் கயிற்றின் கொக்கியைப் பூட்டாமலேயே சாய்ந்து உட்காரப் போனார்.

"அண்ணே! அசையாத!"

பக்கத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தவன் ரேடியோ. வாய் மூடாமல் அடுத்தவர் கதையை ஒலிபரப்புவதால் அந்தப் பெயர். அவன் காலால் சுவரை உதைத்து ஊஞ்சலாடி வந்து, கொக்கியைப் பிடித்துப் பூட்டினான். கீழே இறங்கியதும் இருவரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார்கள்.

"உனக்கு என்னண்ணே ஆச்சு? இருபது வருஷத்துல உன் கொக்கிய நான் பூட்டினதா சரித்திரம் உண்டா?"

பல்லி சொல்லிவிட்டார். சொல்லக்கூடாத ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான், நாளைக் காலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பகீரென்றது.

ரேடியோ வெகுநேரம் அணைந்து கிடந்தான். பிறகு, "அண்ணே, எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரியாத விஷயத்த நான் பரப்ப மாட்டேன்" என்றான்.

"நீ இதுவரைக்கும் தெரிஞ்ச விஷயம் எதையாவது பரப்பியிருக்கியாடா?"

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ரேடியோ வாக்கைக் காப்பாற்றினான். மாதக்கணக்கில் ஒரு மூச்சு விடவில்லை. அவனுடைய அந்த மௌனத்தைப் பல்லி தினமும் அதிசயத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அரசு மருத்துவமனையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். நடுத்தர வயதுப் பெண். பிள்ளையோடு தனியாகவும் பெற்றவர்களோடு தனியாகவும் பேசினார். "எங்க வளர்ப்புல ஏதாவது..." என்று பல்லி இழுத்தபோது, "வளர்ப்பு நல்லா இருக்கறதாலதான் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கா. பயந்த பிள்ளைங்க சொல்லாம வீட்ட விட்டுப் போயிடும்" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் பல்லிக்கு அந்த வாக்கியம் காதில் இரைந்துகொண்டே இருந்தது. போயிருக்கலாம். போகவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்.

மகள் முடி வளர்த்தாள். அம்மா செருப்புக் கடைக் கிடங்கையே புரட்டி, அவள் காலுக்குப் பொருந்துகிற பெண்கள் செருப்பு ஒரு ஜோடியைத் தேடிப் பிடித்தாள். அந்த அளவில் பெண்களுக்குச் செய்வதே அபூர்வம் என்று சொல்லிக்கொண்டு புதையல் கிடைத்த மாதிரி வந்தாள். மகள் அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கத் தொடங்கியதும்தான் கட்டடம் கண் விழித்தது.

பல்லியின் அக்கா வந்து கத்தினாள். "ஒத்தப் புள்ளைய வச்சுக்கிட்டு இப்படி ஆட்டம் போட விடுறியே, உனக்கு மண்டைல மூள இருக்கா, சோப்புத் தண்ணி இருக்கா? இனிமே உன் வீட்டு வாசப்படிய நான் மிதிச்சா ஏன்னு கேளு!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மனைவியின் தம்பி அதுகூடச் சொல்லவில்லை. பேச்சை அறுத்துக்கொண்டான், அவ்வளவுதான். மூன்றாவது மாடிக்காரப் பெண் மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

கடைசியில், முதல் மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் பல்லியைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாலு குடும்பம் இருக்கற இடம். தப்பா எடுத்துக்காதீங்க. வேற வீடு பாத்துக்குங்க. லிஃப்ட்ல சாமான் ஏத்தக்கூடாது, படியில இடிச்சுச் சுவத்தக் கீறக்கூடாது. விடியறதுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டீங்கன்னா உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை."

பல்லி சரியென்று தலையாட்டிவிட்டு வந்தார். சண்டை போடுகிற சுபாவம் அவருக்கு இல்லை. ஊரின் மறுபக்கத்தில், தரைத்தளத்தில் ஒரு வீடும் பார்த்தாகிவிட்டது. இருட்டோடு கிளம்புவது என்று வீட்டில் சொன்னார். மனைவி பெட்டி கட்டுவதை நிறுத்தவில்லை. மகள்தான் நிமிர்ந்தாள்.

"ஏம்ப்பா இருட்டுல போகணும்? நாம என்ன திருடிட்டா போறோம்?"

மெல்லிய மூச்சுக் குரலில்தான் கேட்டாள். பல்லி எவ்வளவோ உயரத்திலிருந்து குனிந்து பார்த்திருக்கிறார், ஒரு நாளும் தலை சுற்றியதில்லை. எதிரே பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தபோது சுற்றியது. இந்தத் துணிச்சல் யாரிடமிருந்து வந்தது? தன்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மறுநாள் வேலையிடத்தில் ரேடியோவிடம் வீடு மாறுவதைச் சொன்னார். லிஃப்டும் கூடாது, படியும் கூடாதாம் என்றார்.

ரேடியோ தாடையைச் சொறிந்தான். "அண்ணே, இப்ப நான் நம்ம பசங்ககிட்ட சொல்லலாமா?"

அனுமதி கேட்டு ஒலிபரப்பிய முதல் செய்தி அதுதான்.

குறித்த நாளில், நடுப்பகல் வெயிலில், ஆறு பேரும் கயிற்று மூட்டைகளோடு வந்து இறங்கினார்கள். பல்லி அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேலி தேடினார். ஒருவன் மகளைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னொருவன், "பாப்பா, குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்றான். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அத்துடன் அறிமுகம் முடிந்தது.

மொட்டைமாடியில் இரும்புச் சட்டத்தைப் பூட்டிக் கயிறு இறக்கினார்கள். நாலாவது மாடி பால்கனி வழியாகக் கட்டில் இறங்கியது, மெத்தை இறங்கியது, குளிர்சாதனப் பெட்டி போர்வை போர்த்திக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி அசைந்து அசைந்து இறங்கியது. தெருவே திரண்டுவிட்டது. எதிர்க் கட்டடத்து பால்கனிகளில் கால் வைக்க இடமில்லை. வீட்டுக்காரர் வாசலில் நின்று, சுவரில் கீறல் விழாதா என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப்போனார்.

மகள் கீழே சாமான்களுக்குக் காவல் நின்றாள். பூப்போட்ட கவுன், புதுச் செருப்பு. இத்தனை கண்களும் கயிற்றைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரம் அவளைத்தான் பார்த்தன. அவள் நகரவில்லை.

கடைசியாக இரும்பு பீரோ. மேலே பல்லியும் நால்வரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். ஒருவன் கீழே பக்கக் கயிற்றை இழுத்துப் பிடித்து, பீரோ சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொண்டான். கீழேயிருந்து குரல் கொடுக்க வேண்டிய ரேடியோ, வழிமறித்து நின்ற லாரியைத் தள்ளி நிறுத்தப் போயிருந்தான். ஜன்னலுக்கு மேலே நீட்டியிருந்த வெயில் தடுப்பு மறைத்ததால் மேலே இருந்தவர்களுக்கு அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பக்கக் கயிறு பிடித்தவன் கையிலிருந்து நழுவியது. பீரோ மெதுவாகத் திரும்பி, மூன்றாவது மாடி பால்கனியை நோக்கி ஆடத் தொடங்கியது. அங்கே அந்தப் பெண் வேடிக்கை பார்க்கக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே வருவது அவளுக்குத் தெரியவில்லை.

"நிறுத்து!"

மேலே ஐந்து ஜோடிக் கைகளும் அப்படியே இறுகின. யோசிக்கவில்லை. அந்தக் குரலுக்கு நிற்பது அந்தக் கைகளின் பழக்கம். பீரோ அந்தரத்தில் நின்றது. நால்வரும் பல்லியைப் பார்த்தார்கள்.

பல்லியின் வாய் மூடியிருந்தது.

"மூணாவது மாடி அக்கா! தலைய உள்ள எடுங்க! மேல இருக்கறவங்க யாரும் இறக்காதீங்க! அண்ணே, கயிறு சுவத்தோரமா தொங்குது பாருங்க, அதப் பிடிங்க! இடது பக்கம் இழுங்க... இன்னும்... போதும்! இப்ப இறக்கலாம்ப்பா, மெதுவா!"

தகரத்தில் மணலைக் கொட்டிய அதே குரல். தெரு முழுக்கக் கேட்டது. எந்தக் குரலை யாரும் கேட்டுவிடக்கூடாது என்று ஒரு வருடத்துக்கு மேல் தொண்டைக்குள் வைத்துப் பூட்டியிருந்தாளோ, அதை எடுத்து இத்தனை பேர் நடுவில், கவுன் போட்டுக்கொண்டு, அடி வயிற்றிலிருந்து வீசினாள். அதுவும் மாடிப்படியில் தன்னைக் கண்டால் சுவரோடு ஒதுங்குகிற ஒருத்திக்காக.

பல்லிக்குக் கயிறு கையில் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. அவள் சொல்லச் சொல்ல அவர் இறக்கினார். அவ்வளவு காலம் அடுத்தவரை நிறுத்திய மனிதர், அன்று அவள் நிறுத்து என்றால் நிறுத்தி, இறக்கு என்றால் இறக்கினார். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் ஏறி வந்துகொண்டே இருந்தது. தன் தொண்டையில் இத்தனை வருடம் கிடந்தும் அந்தக் குரலுக்கு இப்படி ஒரு அழகு உண்டென்று அவருக்குத் தெரிந்ததே இல்லை.

பீரோ தரையைத் தொட்டதும் யாரோ கைதட்டினார்கள். எல்லாரும் தட்டவில்லை. மூன்றாவது மாடிக்காரி இறங்கி வந்தாள். "பாக்கவே இல்லம்மா நான்" என்று மட்டும் சொல்லி, மகளின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்த 'ம்மா'வைப் பல்லியின் மனைவி மட்டும் கவனித்தாள்.

ரேடியோ கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வீட்டுக்காரரிடம் போனான். "சுவத்துல ஒரு கோடு விழல, பாத்துக்குங்க. வந்தது வந்தோம், உங்க ஜன்னலையும் துடைச்சுக் குடுத்துட்டுப் போகட்டுமா?"

புது வீட்டிலும் எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. ஒரு பள்ளிக்கூடம் இடமில்லை என்றது. இன்னொன்று சேர்த்துக்கொண்டது. சில நாள் அழுதுகொண்டு வந்தாள், சில நாள் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் வந்ததும் வராததுமாக, கதவைத் திறக்கும்போதே கதை சொல்லத் தொடங்கிவிடுவாள். அம்மா மறுபடி தாழ்ப்பாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மனைவியின் தம்பி கடைசிவரை திரும்பவில்லை. பல்லியின் அக்கா ஒருநாள் பையும் கையுமாக வந்து நின்றாள். "மிதிக்க மாட்டேன்னியே" என்றார் பல்லி. "நான் சொன்னது அந்த வீட்டு வாசப்படிய. இது வேற வாசப்படி. வழிய விடு" என்று உள்ளே நுழைந்து, மருமகளின் முடியைப் பிடித்துப் பார்த்து, எண்ணெய் வைப்பதே இல்லையா என்று சத்தம் போட்டாள்.

இப்போது பல்லி கயிறு ஏறுவதில்லை. தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. கீழே நின்று மற்றவர்களை மேற்பார்வை பார்க்கிறார். மகள் மருந்தியல் படித்துவிட்டு, ஒரு பெரிய மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி.

போன வாரம் ஒரு சாயங்காலம், தோளுக்கு ஒரு களிம்பு வாங்கலாம் என்று அவர் அந்தக் கடைக்குப் போனார். வரிசையில் நின்றார். முன்னால் ஒரு பெரியவர், காது மந்தம். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று மகள் அவருக்கு விளக்கினாள். அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி, முதல் தடவை சொல்வதுபோலவே சொன்னாள். பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பல்லியின் முறை வந்தபோது, அவர் பின்னால் நின்ற பெண்மணியிடம், "நீங்க போங்க" என்று வழிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். மறுபடி நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்தார். மறுபடி வழிவிட்டார்.

மகள் தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"அப்பா, ரொம்ப நேரமா சுத்திச் சுத்தி வர்றீங்க. என்னதான் வேணும் உங்களுக்கு?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணும் இல்லடா. சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறேன். நீ வேலையப் பாரு" என்றார் பல்லி.